ஆமை வந்தது, ஆமை வந்தன

புளியங்குடி என்ற பெயருக்குள் நிற்பது மரம், சுவை இல்லை. இதற்குத் தொல்காப்பியர் தனி விதியே வைத்திருக்கிறார். புளி என்பது மரத்தைக் குறித்தால் 'அம்' சாரியை வரும்: புளியங்காய், புளியங்கொம்பு, புளியங்குடி. சுவையைக் குறித்தால் மெல்லெழுத்து மிகும்: புளிங்கறி. ஆக, ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் ஒரு மரத்தடியைத்தான் நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த ஊரைப் புளிய மரத்துக்காக யார் நினைக்கிறார்கள்? எலுமிச்சை நகரம் என்றால்தான் தெரியும். 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெயரில் இல்லாத புளிப்பு பிழைப்பில் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த எலுமிச்சைக்கு விலை வைப்பது யார்? தோட்டக்காரரைக் கேட்டால் வியாபாரி என்பார். வியாபாரியைக் கேட்டால், கேரளாவிலிருந்து எவ்வளவு கேட்கிறார்களோ அதைப் பொறுத்தது என்பார். கேரளாக்காரர் வெயிலைக் காட்டுவார். கோடையில் ஏறுகிறது, மழைக்காலத்தில் சரிகிறது, நடுவில் காரணமே தெரியாமல் நாலு நாள் துள்ளுகிறது. எல்லோரும் சேர்ந்துதான் விலையை உண்டாக்குகிறார்கள். ஆனால் யாரும் தனியாக அதை வைக்கவில்லை. நேற்றைய விலையைப் பார்த்து இன்றைக்குப் பறிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறார். அப்படி மாற்றிக்கொள்வதே நாளைய விலையை மாற்றுகிறது.

இந்த மாதிரிச் சங்கதிகளை ஆராயத் தனித் துறையே உண்டு. அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய சாண்டா ஃபே ஆய்வு நிறுவனத்துக்கு இதுதான் முழுநேர வேலை. எறும்புப் புற்று, சந்தை, நோய்ப்பரவல், நகரம், நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் எல்லாம் அதன் பார்வையில் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'சிக்கலான தகவமைப்பு அமைப்பு' என்று வரும். தகவமைப்புக்குள் ஏற்கெனவே ஓர் அமைப்பு உட்கார்ந்திருக்க, வெளியே இன்னொன்று. முன்னால் சிக்கல் வேறு. இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டை மூடிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர உலகம் கண்டுபிடித்த வழி வேறு. கணினித் திரையில் கொஞ்சம் ஆமைகளை விடுவது. ஆமை என்றால் உண்மையாகவே ஆமை. ஆங்கிலத்தில் அதற்கு டர்ட்டில் என்றே பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து எங்கே வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் வீட்டுச் சொல். சங்க நூல்களில் அது யாமை. சொல்லின் முதலில் நின்ற யகரம் உதிர்ந்து ஆமையாயிற்று. யாடு ஆடானது, யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது எல்லாம் இதே வழிதான். யானையோ எழுத்தில் பிடிவாதமாக யகரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. நெல்லைச் சீமைப் பேச்சில் அதுவும் ஆனைதான். மலைக்கு அந்தப்புறம் மலையாளத்தில் ஆம, கன்னடத்தில் ஆமெ. கல்லாமை, பொறாமை, முயலாமை ஆகியவற்றின் கடைசியில் கேட்கும் 'ஆமை' வேறு; அது எதிர்மறை விகுதி. முயலையும் ஆமையையும் சேர்த்து முயலாமை என்று பட்டிமன்ற மேடைகளில் கைதட்டு வாங்குவதற்கும் உயிரினத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த வேடிக்கைக்கு ஓய்வு கொடுக்கலாம்.

நம் இலக்கியத்தில் ஆமைக்கு மரியாதை அதிகம். வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு அதையே எடுத்துக்காட்டினார் (126-ஆம் குறள்). ஐங்குறுநூற்றில் ஆமையின் பார்ப்பு தாயின் முகம் பார்த்தே வளரும் என்ற நம்பிக்கை பதிவாகியிருக்கிறது. வழக்கில் மட்டும் நிலைமை மோசம்: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி. கணினி வகுப்புக்குள் புகுந்த ஆமை அந்தப் பழமொழியைப் பொய்யாக்கிவிட்டது என்றே சொல்வேன்.

அது புகுந்த கதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்குகிறது. வில்லியம் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் 1948, 1949-வாக்கில் இரண்டு சிறு பொறிகளைச் செய்தார். மூன்று சக்கரம், மேலே ஓர் ஓடு, வெளிச்சத்தை உணரும் ஒரு கண், முட்டினால் தெரிந்துகொள்ளும் ஒரு தொடுவிசை. மூளை என்று சொல்ல உள்ளே இரண்டே இரண்டு வால்வுகள் (மின்னணுக் குழாய்கள்). எல்மர், எல்சி என்று அவற்றுக்குப் பெயர். ஓடும் மெதுவான நடையும் இருந்ததால் இனப்பெயர் டார்ட்டாய்ஸ், அதாவது நில ஆமை. 'நமக்குக் கற்றுத்தந்தது' என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் அதுவும் டார்ட்டாய்ஸ் போலவே ஒலிக்கும். ஆலிஸ் கதையில் லூயிஸ் கரோல் செய்த இந்தச் சிலேடையை வால்டரும் ரசித்தார். பாடம் நடத்தும் வேலை அந்தப் பெயரிலேயே ஒளிந்திருந்தது.

வால்டரின் ஆமை தனியாக இருந்தபோது செய்தது எளிது: மங்கலான வெளிச்சத்தை நோக்கிப் போகும், கண் கூசினால் விலகும், முட்டினால் திரும்பும். ஒவ்வோர் ஆமையின் தலையிலும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. இரண்டையும் ஒரே அறையில் விட்டபோது, ஒன்றன் விளக்கு மற்றொன்றை இழுக்க, நெருங்கியதும் விலக, மறுபடி நெருங்க, ஏதோ கும்மி ஆடுவதுபோல ஆகிவிட்டது. அந்த ஆட்டத்தை வால்டர் எந்த வால்வுக்குள்ளும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒன்றுக்குள் தேடினால் கிடைக்காதது, இரண்டு சேர்ந்தபோது நடந்தது. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் வித்து இதுதான். ஆனால் அது முளைக்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

இடையில் பெயர் கடல் தாண்டியது. 1967-இல் அமெரிக்காவில் வாலி ஃபர்ஸிக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்கென்று ஒரு கணினி மொழி செய்தார்கள். ஃபர்ஸிக் அதற்கு லோகோ என்று பெயரிட்டார். சொல் என்று பொருள்படும் கிரேக்க லோகோஸிலிருந்து வந்தது. பெயருக்கேற்ப முதலில் அது சொற்களையும் வாக்கியங்களையும் வைத்தே விளையாடியது. ஆமை அப்போது பிறக்கவில்லை. சில ஆண்டுக்குள் தரையில் ஊரும் ஒரு பொறி சேர்ந்தது. பேப்பர்ட் வால்டரை நினைத்து அதற்கு ஆமைப் பெயரைக் கொடுத்தார். அமெரிக்கப் பேச்சு வழக்கப்படி டார்ட்டாய்ஸ் டர்ட்டிலானது. பிரிட்டனில் நிலத்தில் வாழ்வது டார்ட்டாய்ஸ், கடலில் வாழ்வது டர்ட்டில். அமெரிக்காவில் டர்ட்டில் பொதுப்பெயர். நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. குளத்து ஆமையும் ஆமை, கடலாமையும் ஆமை.

தரையில் ஊர்ந்த பொறி பிறகு திரைக்குள் போய் ஒரு சின்ன முக்கோணமானது. ஓடு போயிற்று, கால் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. 1990-களிலும் 2000-களிலும் மெட்ரிக் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த முக்கோணம் நினைவிருக்கும். எஃப்.டி. 100 (நூறு அடி முன்னே), ஆர்.டி. 90 (90 பாகை வலப்பக்கம்) என்று நாலு தடவை தட்டினால் சதுரம். வாராவாரம் அதே சதுரம். பேப்பர்ட் விரும்பியது, குழந்தை தானே ஆமையாகிக் காலடி எண்ணி நடந்து வடிவியலை உடம்பால் உணர வேண்டும் என்பது. நம் வகுப்புகளில் அது கட்டளைகளின் விரிவாக்கத்தை மனப்பாடம் செய்யும் பாடமாகச் சுருங்கியது. இதில் வியப்பில்லை, நாம் எதையும் அப்படிச் சுருக்க வல்லவர்கள்.

தமிழில் இதே ஆமையை ஓட்டியவர்களும் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழ்ச் சொற்கள்: பதிப்பி, பின்கொடு, முடி. நிபந்தனையை முதலில் எழுதி 'ஆனால்' என்பதைப் பின்னால் வைக்க வேண்டும். மழை பெய்தால் என்று நாம் பேசும் வரிசையே அது. பைத்தான்மீது கட்டப்பட்டது என்பதால் பைத்தானின் ஆமையும் அதில் ஊர்ந்தது. நல்ல முயற்சி; பள்ளிகளுக்குள் அது பரவலாகப் போய்ச் சேரவில்லை என்பது வருத்தம்.

இதுவரை சொன்னது ஒற்றை ஆமையின் கதை. பேப்பர்ட்டின் மாணவர் மிட்செல் ரெஸ்னிக் அதைப் பலவாக்கினார். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் செய்த மொழிக்கு ஸ்டார்லோகோ என்று பெயர். ஆரம்பத்தில் லோகோவுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டு எழுதினார்கள்; அது முதலில் ஓடிய கனெக்‌ஷன் மெஷின் என்ற பெருங்கணினியில் லிஸ்ப் மொழிக்கும் அப்படித்தான் நட்சத்திரக் குறி இருந்தது. நம் பக்கத்து வறண்ட காட்டில் ஓட்டின்மேல் நட்சத்திரம் போட்ட ஆமை திரிவது ரெஸ்னிக்குக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஸ்டார்லோகோவில் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒரே நேரத்தில் நகரும். ஆமை நிற்கும் தரையும் சிறு கட்டங்களாகப் பிரிந்து தானும் வேலை செய்யும். 1994-இல் ரெஸ்னிக் எழுதிய நூலின் தலைப்பிலேயே ஆமையும் கறையானும் போக்குவரத்து நெரிசலும் வருகின்றன. அதில் கறையான் எடுத்துக்காட்டு எனக்கு மிகப் பிடித்தது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திரை முழுக்க மரத்துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கறையான்களுக்கு இரண்டே விதி. வெறுங்கையோடு திரியும்போது துண்டில் முட்டினால் எடுத்துக்கொள். கையில் துண்டோடு திரியும்போது இன்னொரு துண்டில் முட்டினால், கையில் உள்ளதை அதன் பக்கத்தில் போடு. குவியல் என்ற சொல்லே விதியில் இல்லை. குவிக்கும் இடம் எது என்று சொல்லத் தலைவன் இல்லை. ஓடவிட்டால் துண்டுகள் குவியல்களாகின்றன. நேரம் போகப் போகக் குவியல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஏன்? குவியலிலிருந்தும் கறையான் எடுக்கத்தானே செய்கிறது, எப்படிக் குறையும்? விடை விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குவியல் முழுதும் காலியாகிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி தொடங்க வழியில்லை. துண்டின் பக்கத்தில்தான் துண்டைப் போட முடியும். ஆகவே குவியல் சாகலாம், புதிதாகப் பிறக்க முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய தர்க்கம் இது. ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் ஊகித்துச் சொல்லப் பேராசிரியருக்கும் சிரமம்.

நெரிசலும் அப்படியே. முன்னால் வண்டி நெருங்கினால் மெதுவாகு, இல்லாவிட்டால் வேகம் கூட்டு என்ற ஒரே விதி போதும். விபத்து இல்லாமல், குறுக்கே மாடு வராமல் நெரிசல் உண்டாகும். வண்டிகள் முன்னால் போக, நெரிசல் பின்னால் நகரும். சாரல் சீசனில் குற்றாலச் சாலையில் மாட்டிக்கொண்டு, முன்னால் என்ன ஆச்சு என்று எட்டிப்பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் முன்னால் ஒன்றுமே ஆகியிருக்காது.

எங்கே ஒழுங்கைக் கண்டாலும் ஒரு தலைவனைத் தேடுவது மனித மனத்தின் பழக்கம் என்பதுதான் ரெஸ்னிக்கின் வாதம். எறும்புக்கு ராணி கட்டளையிடுகிறாள் என்போம். விலையை யாரோ மூடிய அறையில் வைக்கிறார்கள் என்போம். சில விலைகளை உண்மையாகவே மூடிய அறையில் வைக்கிறார்கள் என்பது வேறு சங்கதி. ஆனால் எல்லாவற்றுக்கும் அதே விளக்கம் போதும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஆமைகள் நல்ல மருந்து.

1999-இல் யூரி விலென்ஸ்கி நெட்லோகோவைக் கொண்டுவந்தார். ஓநாயும் ஆடும் வரும் மாதிரியிலும், கார்கள் ஓடும் மாதிரியிலும் உள்ளே எல்லாவற்றுக்கும் பெயர் டர்ட்டில்தான். ஆடு ஓர் ஆமை, ஓநாய் ஓர் ஆமை, கார் ஓர் ஆமை. புதிதாக ஒன்று பிறக்க வேண்டுமென்றால் குஞ்சு பொரிக்கும் கட்டளை. 2007-இல் ஐரீன் லீ நியூ மெக்சிகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கட்ஸ் திட்டம், ஸ்டார்லோகோவின் புதிய வடிவத்தைக் கொண்டு இதை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. சாண்டா ஃபே ஆய்வாளர்களின் வேலையைப் பள்ளிக் கணினி அறைக்குள் இறக்கிவைத்த முயற்சி அது.

இங்கே இலக்கணம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. ஒற்றை ஆமையிலிருந்து பல ஆமைக்குப் போவது கணினி உலகில் பெரிய தாண்டல். நம் மொழியில் அந்தப் பெயர் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு வேலையும் பார்க்கிறது. ஆமை வந்தது, ஆமை வந்தன. நன்னூலார் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். ஒன்றா பலவா என்பதை வினைதான் சொல்லும். 'கள்' போடுவது நம் விருப்பம். பேச்சில் வினையும் சொல்லாது: ஒரு ஆமை வந்துச்சு, நாலு ஆமை வந்துச்சு. ஒவ்வோர் ஆமைக்கும் ஒரே விதி, விளைவு மட்டும் கூட்டத்தினுடையது என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட வசதியான பெயர் அமையாது.

அப்படியிருக்க, தமிழில் எழுதுவோர் இந்த ஆமைகளுக்கு முகவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஏஜென்ட் என்ற பொதுப்பெயர் உண்டே, அதன் பெயர்ப்பு. முகவர் என்றதும் கண்முன் வருபவர் எல்.ஐ.சி. பாலிசியோடு வாசலில் நிற்பவர். புளியங்குடி மண்டியை மாதிரியாகச் செய்தால் குழப்பம் இரட்டிப்பாகும், ஏனென்றால் அங்கே உண்மையான கமிஷன் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். முகவரை விட்டுவிட்டு ஆமையை வைத்துக்கொள்வதே நல்லது.

நம் பாடநூலில் ஆமையே இல்லை. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு. அதில் ஸ்கிராட்ச் வருகிறது. அதுவும் ரெஸ்னிக் குழு 2007-இல் வெளியிட்டதுதான். ஆனால் அங்கே ஆமையின் இடத்தில் ஒரு பூனை, அதற்கு ஸ்பிரைட் என்று பெயர். ஸ்பிரைட் என்றால் குட்டிச்சாத்தான். நம்மூரில் குறளி என்பார்கள். குறளி வித்தை நினைவிருக்கும். பாடநூல் ஸ்பிரைட் என்றே எழுதிவிட்டது, பாட்டில் நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை என்று. கடைசிப் பாடம் என்பதால் தேர்வு நெருக்கத்தில் அது என்ன கதியாகும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

புளியங்குடி இருக்கும் தென்காசி மாவட்டத்துக்குக் கணினி புதிதில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-லிருந்து இருக்கிறது. நிரல் எழுதினால் வேலை கிடைக்கும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். நிரலைக் கொண்டு ஊரையே புரிந்துகொள்ளலாம் என்பது இன்னும் தெரியவில்லை. புளியங்குடிப் பிள்ளை செய்யக்கூடிய ஒரு மாதிரியைச் சொல்லிப் பார்க்கிறேன். தரைக் கட்டங்கள் எலுமிச்சை மரங்கள். நாள்தோறும் கொஞ்சம் காய் முற்றும். ஒரு வகை ஆமை விவசாயி: நேற்றைய விலை தன் மனக்கணக்குக்கு மேலே இருந்தால் பறிப்பார், இல்லாவிட்டால் மரத்திலேயே விடுவார், பழம் உதிரும் நிலை வந்தால் வந்த விலைக்குக் கொடுப்பார். இன்னொரு வகை வியாபாரி: நேற்று மூட்டை நிறையாவிட்டால் இன்று ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்பார், குவிந்துவிட்டால் இறக்குவார். எல்லோரும் காத்திருந்தால் எல்லோருடைய பழமும் ஒரே நாளில் மண்டிக்கு வந்து விழும். விலை சரியும். சரிந்ததைப் பார்த்து அடுத்த முறை பலர் முந்திக்கொள்வார்கள்.

கறையானுக்கும் இந்த விவசாயிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கறையானின் விதி கடைசிவரை மாறாது. விவசாயி சென்ற வாரம் ஏமாந்ததை வைத்துத் தன் மனக்கணக்கையே திருத்துவார். விதியைத் திருத்திக்கொள்ளும் ஆமைகள் சேர்ந்த கூட்டத்தைத்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் போன்றவர்கள் தகவமைப்பு என்ற அடைமொழியோடு பேசினார்கள். 'மனக்கணக்கைத் திருத்து' என்ற ஒரே ஒரு வரியை நிரலில் சேர்த்தும் நீக்கியும் ஓடவிட்டால், அந்த நீளமான பெயரின் நடுச்சொல் என்ன செய்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இந்த மாதிரி நாளைய விலையைச் சொல்லாது. சொல்லும் என்று யாரும் நம்ப வைக்கவும் கூடாது. வில்லன் ஒருவர்கூட இல்லாமலே விலை ஏறி இறங்க முடியும் என்பதைக் காட்டும். பிறகு மண்டிக்குப் போய், உண்மையில் எது இதிலிருந்து மாறுபடுகிறது என்று கேட்டு வரலாம். பாடம் அங்கேதான் தொடங்கும்.

நெட்லோகோவுக்குக் காசு வேண்டாம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். பாடநூல் அடுத்த முறை திருத்தப்படும்போது பூனைக்குப் பக்கத்தில் ஒரு கறையான் மாதிரியைச் சேர்க்கக் குழுவினர் யோசிக்கலாம். சேர்த்தால், முகவர் என்று எழுதாமல் ஆமை என்றே எழுதுங்கள்.